இடது வாசலில் நின்ற நால்வர்

அவளுக்கு வீட்டில் விழுந்த பெயர் திக்கு. வைத்தவள் நாத்தனார். கல்யாணமான புதிதில் முனைக்கடைக்கு சோப்பு வாங்கப் போனவள், திரும்பும்போது பின்தெருவில் யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவைத் தன் சாவியால் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரரே அவளை அழைத்து வந்து விட்டார். "உங்க வீட்டுப் பொண்ணுதானே? திக்குத் தெரியாம நின்னுட்டிருந்துச்சு" என்று அவர் சொன்னதில் ஒரே ஒரு வார்த்தையை நாத்தனார் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்பேர்ப்பட்டவள் சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சியில் சேரப் போகிறேன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் அவளுக்கும் வேறு வழி இருக்கவில்லை. ஒரு மருந்துக் கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி அந்த வேலையை ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டு அவளுக்குப் பூச்செண்டு கொடுத்து அனுப்பியது. கையில் மிஞ்சியது இரண்டு அந்நிய மொழிகள். மொழி தெரிந்தவர்கள் வழிகாட்டி வேலைக்குத் தேவை என்று யாரோ சொன்னார்கள்.

"அண்ணே, இவ ஊருக்கு வழி காட்டுறதா? இவளுக்கு வழி காட்டவே தனியா ஒரு ஆள் வேணுமே!" என்று நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டான். "என் வேலையில மேல, கீழ ரெண்டுதான். நீ பக்கவாட்டுல போற வேலை. போய்ப் பாரு. பிடிக்கலன்னா எறங்கிடு" என்றான்.

பயிற்சிப் பள்ளி ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். நடத்தியவரை எல்லோரும் மேடம் என்றார்கள். தலை நரைக்கும்வரை வழிகாட்டியாக நடந்து நடந்தே ஊரைத் தேய்த்தவர். வரலாற்றுப் பாடம் எடுத்தவருக்குக் கதை சார் என்று பெயர். எதைக் கேட்டாலும் "அதுக்கு ஒரு கதை இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்.

இத்தனை விஷயம் இருக்கும் என்று திக்கு நினைத்திருக்கவில்லை. வெயில் வழிகாட்டியின் முகத்தில் விழ வேண்டும், பயணிகளின் முதுகில் விழ வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும்வரை வாயைத் திறக்கக்கூடாது. முகத்தை எண்ணினால் குழம்பும், செருப்பை எண்ணு. பின்னோக்கி நடக்கப் பழகு. இதற்காகவே மாடித் தாழ்வாரத்தில் நாற்காலிகளை இறைத்துப் போட்டு நடக்கவிட்டார்கள். திக்குவின் முழங்காலில் நீலம் பாரிக்காத இடமே இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் இடமும் வலமும். "நீ அவங்களப் பாத்து நிக்கிற. உன் வலது அவங்களுக்கு இடது. எப்பவும் பயணியோட கண்ணுல இருந்து பேசு. உன் கண்ணுல இருந்து பேசாதே" என்பார் மேடம்.

இதில்தான் திக்குவுக்குத் தலை சுற்றியது. அவள் இடது என்று நினைப்பதே பாதி நேரம் வலதாகத்தான் இருக்கும். அதையும் திருப்பிப் போட்டால் சரியாகிவிடுமா, இல்லை தவறு இரட்டிப்பாகுமா? ராத்திரிப் படுக்கையில் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். "கொசுவா?" என்று கேட்டான் கணவன்.

இன்னொரு நாள், கோபக்காரப் பயணியைச் சமாளிக்கும் பாடம். மேடம் வரவில்லை. யாரோ ஒரு தொப்பிக்காரம்மா கறுப்புக் கண்ணாடியோடு படியேறி வந்து, ஓட்டலில் வெந்நீர் வரவில்லை, ஏமாற்றுக்காரர்கள், போலீசுக்குப் போகிறேன் என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். முன்வரிசையில் இருந்த பெண் பயந்து அழுதே விட்டாள். தொப்பியைக் கழற்றினால் மேடம். "கத்துறவங்க கிட்ட குரலை எறக்கு. ஒரு அடி பக்கத்துல நகரு. 'உங்க வருத்தம் புரியுது, மேலிடத்துல சொல்றேன்'னு சொல்லு. முழிக்காதே. தெரியாததுகூடத் தெரிஞ்ச மாதிரி முகம் இருக்கணும்" என்று அமைதியாகப் பாடத்தை முடித்தார். அன்றிலிருந்து யாரையும் நம்ப முடியவில்லை. டீ கொண்டுவந்தவர் கோப்பையைத் தட்டிவிட்டால்கூட, இதுவும் பாடமோ என்று எல்லோரும் பேந்தப் பேந்த விழித்தார்கள்.

கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது.

"ஸ்டேஷன் இடது வாசல்ல காலையில நாலு பேர் நிப்பாங்க. உனக்கு அவங்களத் தெரியாது, அவங்களுக்கும் உன்னத் தெரியாது. அவங்கள்ல ஒருத்தர் மார்க் போடுறவர். யாருன்னு சொல்ல மாட்டேன். ஊரைக் காட்டிட்டு மியூசியம் வாசல்ல கொண்டு போய் விடு. போனை இங்கயே குடுத்துட்டுப் போ" என்றார் மேடம்.

ஸ்டேஷனுக்கு இரண்டு வாசல்கள், நீளமான கட்டடத்தின் இரண்டு கோடியிலும். திக்கு தெருவில் நின்று கட்டடத்தைப் பார்த்தாள். இந்தக் கை இடது, வாட்ச் கட்டிய கை. நல்லவேளையாக அதுவரை நிச்சயம். காலை எடுத்து வைக்கப் போனவள் நின்றாள். யாருடைய கண்ணிலிருந்து? பயணியின் கண்ணிலிருந்து. பயணி ரயிலை விட்டு இறங்கி, தெருவைப் பார்த்து வெளியே வருகிறான். அவனுக்கு இடது, எனக்கு வலது. வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் திசையை யோசித்துக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் அவள் வாட்ச் கட்டாத கைப்பக்கமாக வேகமாக நடந்தாள்.

அங்கே நான்கு பேர் நின்றார்கள். வெயில் அடிக்கும்போதே குடையைத் தடிபோல ஊன்றியிருந்த ஒரு பெரியவர். அவர் மனைவி, வாட்டசாட்டமான அம்மா. கொஞ்சம் தள்ளி, கைப்பையை நெஞ்சோடு அணைத்த ஒரு இளையவள். அவள் கணவன், எல்லாச் சுவரையும் ஏற இறங்கப் பார்க்கிறவன்.

"வணக்கம். நான்தான் உங்களக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்றாள் திக்கு.

"உங்களுக்காகத்தான் நிக்கிறோம். ஒரு பொம்பள வருவாங்கன்னு சொன்னாங்க" என்றார் பெரியவர்.

எட்டுச் செருப்புகள். திக்கு எண்ணிக்கொண்டாள். சரியாக இருந்தது.

முதல் தெருவிலேயே பெரியவர் கேட்டார்: "இந்தப் பக்கம் சதுர அடி என்ன வெலைக்குப் போகுது?"

எந்தப் பயணி இப்படிக் கேட்பான்? இது சோதனைக் கேள்வி என்று திக்குவுக்குப் பட்டது. ஆக, பெரியவர்தான் மார்க் போடுகிறவர். சிரித்தபடி, "இந்தத் தெருவோட மதிப்பை அடிக்கணக்குல அளக்க முடியாதுங்க" என்றாள்.

பெரியவர் மனைவியைப் பார்த்தார். "பாத்தியா? அளக்கவே முடியாதாம்" என்றார் மெதுவாக.

"தண்ணி வசதி எப்படி?" என்று அந்த அம்மா கேட்டாள்.

பழைய கல்தொட்டி பக்கத்திலேயே இருந்தது தெய்வச்செயல். "இந்தத் தொட்டி ஒருநாளும் வத்தினதில்லைங்க. பஞ்ச காலத்துலகூட ஊரே இங்கதான் தண்ணி எடுத்துச்சு."

"ஊரே வந்து எடுப்பாங்களா? அது தொல்லையாச்சே" என்று அந்த அம்மா முகம் சுளித்தாள். இல்லை, இவள்தான் மார்க் போடுகிறவளோ?

இளையவளின் கணவன், பெரியவர் 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டவன், வேறு ரகம். எதிர்ப்பட்ட சுவரையெல்லாம் விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். "கனமான சுவரு. வண்டி நிறுத்த எடம் உண்டா?" என்றான். இவனாகவும் இருக்கலாம். இளையவள் மட்டும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். ஒரு திருப்பத்தில் கிட்டே வந்து, "அப்பா இந்தத் தெருவுல நடந்திருப்பாரா?" என்று கேட்டாள்.

எந்த அப்பா? கதை சார் அப்பா யாரையும் பற்றிச் சொல்லித்தரவில்லை. முழிக்கக்கூடாது என்ற பாடம் மட்டும் ஞாபகம் வந்தது. "பெரியவங்க எல்லாரும் நடந்த தெருதாங்க இது" என்றாள். இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திக்குவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பு குறையவில்லை.

இப்படியே பழைய கருவூலக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பத்துத் தூண்களும் பெரிய படிக்கட்டும் கொண்ட கட்டடம். தெருக்கோடியிலிருந்தே தெரிகிற ஆகிருதி. திக்கு வெயிலைப் பார்த்து நின்று, கடைசிச் செருப்பு வந்து சேரும்வரை காத்திருந்து, கையை விரித்தாள்.

"இதுதான் நாம பாக்க வந்த முக்கியமான எடம்."

நான்கு பேரும் வாய் பிளந்து நின்றார்கள்.

"இதுவா?" என்றார் பெரியவர்.

"இதுதாங்க. ஒரு உப்பு வியாபாரி தன் பிள்ளைங்களுக்காகப் பாத்துப் பாத்துக் கட்டின வீடு. ஆனா பிள்ளைங்க ஒருத்தரும் இங்க வந்து இருக்கல. ஆளுக்கொரு ஊருக்குப் போயிட்டாங்க. கடைசிக் காலத்துல அந்த வியாபாரி தனியாத்தான் இருந்தார்." கதை சார் சொல்லித் தந்ததை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள். கூடவே கொஞ்சம் உருக்கத்தையும் குரலில் சேர்த்துக்கொண்டாள்.

இளையவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் குடையை ஊன்றி ஒரு படி ஏறினார். "எங்க தாத்தாவுக்கும் உப்பு ஏவாரம்தான். அப்பா ஒருநாளும் வாயத் தொறக்கலியே! இப்ப... இப்ப இது யாரு கையில இருக்கு?"

"அரசாங்கத்துக் கையிலதாங்க. ஈடுகூடக் குடுக்காம எடுத்துக்கிட்டாங்க."

அவ்வளவுதான். "எடுத்துக்கிட்டாங்களா! யாரக் கேட்டு?" என்று பெரியவர் கத்தினார். அப்படியே மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "அப்பாவக் கடைசியா பாத்துட்டு வந்தவன் நீதானே? உங்கிட்ட ஒன்னும் சொல்லலியா? இல்ல, சொல்லியும் முழுங்கிட்டியா?"

"மச்சான், வார்த்தைய அளந்து பேசுங்க. ஸ்டேஷன்ல ஒரு டீ குடிச்சோம், அவ்வளவுதான். அவர் வீட்டுக்கே என்னக் கூப்பிடல!"

"இத்தனாம் பெரிய வீட்ட வச்சிக்கிட்டு எவன் கூப்பிடுவான்?" என்றாள் பெரியவரின் மனைவி.

கருவூலத்துக் காவலாளி எட்டிப் பார்த்தார். திக்கு புரிந்துகொண்டாள்: கோபக்காரப் பயணிப் பாடம். அடேயப்பா, மேடம் என்னமாய் ஆள் பிடித்திருக்கிறார்! குரலை இறக்கி, ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து, "உங்க வருத்தம் எனக்குப் புரியுதுங்க. மேலிடத்துல சொல்றேன்" என்றாள்.

பெரியவர் சட்டென்று அடங்கினார். "மேலிடத்துல ஆள் இருக்கா உங்களுக்கு?"

சமாளித்துவிட்டோம் என்ற தெம்பில் திக்கு இளையவள் பக்கம் போனாள். அவள் படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. இவள்தான், சந்தேகமே இல்லை, சும்மா இருந்து எல்லாவற்றையும் கவனித்தவள் இவள்தானே. திக்கு குனிந்து காதோடு சொன்னாள்: "ரொம்ப நல்லா பண்றீங்க. மார்க்க மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க."

இளையவள் நிமிர்ந்தாள். "என்ன மார்க்?"

"இல்ல, தேர்வு..."

"என்ன தேர்வு? எங்கப்பா செத்துப் போயிட்டாருங்க. போன மாசம்." அவள் கைப்பையைத் திறந்து ஒற்றைச் சாவியை எடுத்துக் காட்டினாள். "அவர் இருந்த வீட்ட விக்கிறதுக்கு முன்னால பாக்கத்தானே வந்தோம்? நீங்க புரோக்கர் ஆபீஸ்ல இருந்து வந்தவங்கதானே?"

அந்தச் சாவி சின்னது. பத்துத் தூண் கட்டடத்தின் சாவி இல்லை என்பது யாருக்கும் தெரியும். திக்குவின் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது. அதை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. காலையிலிருந்து கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, இப்போதுதான் தங்கள் சொந்த அர்த்தத்தைச் சொல்லிவிட்டுப் போயின.

ஓடிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாததால் நின்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ இது எங்க வீடு இல்லியா?" என்றார் பெரியவர்.

"இல்லீங்க."

"உப்பு?"

"அது வேற உப்புங்க."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு பீறிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டான். பெரியவரின் மனைவி அவனைப் பார்க்காமல், திக்குவைப் பார்த்தாள். "பொழுது போகலன்னா நாங்கதான் கெடச்சமா? வெயில்ல சுத்த விட்டு..." திட்டு நீண்டது. திக்கு குரலை இறக்கவில்லை, பக்கவாட்டில் நகரவுமில்லை. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

"விடுங்க அண்ணி. வந்தது வந்தோம். வீட்டக் காட்டச் சொல்லுங்க" என்றாள் இளையவள். அவளிடம் முகவரி இருந்தது.

தையல் கடைகளுக்குப் பின்னாலுள்ள ஒரு சந்து. திக்கு இரண்டு முறை வழி தவறினாள். மூன்றாம் முறை தவறுவதற்கு முன் ஒரு பழக்கடைக்காரரைக் கேட்டாள். அவர் கையைக் காட்டிய பக்கம் நடந்தார்கள். வீட்டு வாசலில் ஒரு பெண் கலங்கிப் போய் நின்றிருந்தாள், புரோக்கர் ஆபீஸ்காரி.

"நீங்க நாலு பேரா? அப்போ அவங்க யாரு?" என்றாள் அவள். "ஸ்டேஷன்ல சொன்ன வாசல்ல யாரையும் காணோம், அந்தப் பக்கத்து வாசல்ல நாலு பேர் நின்னாங்க. கூட்டிட்டு வந்து, ஆபீஸ்ல இருந்த இன்னொரு சாவியால தொறந்து எல்லாம் காட்டினேன். வெலையக் கேக்கல, ஒன்னும் கேக்கல. ஒருத்தர் மட்டும் என்னமோ குறிச்சிக்கிட்டே இருந்தார். மியூசியம் வாசல்ல விடச் சொன்னாங்க. விட்டுட்டு வந்தேன்."

மார்க் போடுகிறவர் எங்கே போனார் என்பது திக்குவுக்கு இப்போது புரிந்தது.

ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு ஜன்னல். கயிற்றில் ஒரு சட்டை இன்னும் தொங்கியது. ஒரே ஒரு நாற்காலி. பெரியவர் உள்ளே போய் நடுவில் நின்றார். குடையை எங்கே சாய்ப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். சட்டையின் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தங்கையிடம், "நீ உக்காரும்மா. காலையில இருந்து நிக்கிற" என்றார். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை எந்தச் சுவரையும் தட்டவில்லை.

திக்கு வெளியிலேயே நின்றாள். போகும்போது சொல்லிக்கொள்ளலாமா, கூடாதா என்று புரியவில்லை. சொல்லாமல் கிளம்பினாள்.

பள்ளிக்குத் திரும்பியபோது டயர் கடையில் மதியச் சாப்பாட்டு நேரம். மேடம் கையில் ஒரு தாள். முகத்தில் என்றைக்கும் இல்லாத ஒரு குழப்பம்.

"உக்காரு. நீ பாஸ். எப்படின்னுதான் எனக்குப் புரியல" என்று சொல்லிவிட்டு, மார்க் போட்டவர் எழுதியதைப் படித்தார். "'நினைவுச்சின்னம் ஒன்றையும் காட்டவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சாதாரண மனிதர் வாழ்ந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றார். சமையலறையை விளக்கமாகக் காட்டினார். துணிச்சலான புதிய அணுகுமுறை. வழி ஒருமுறைகூடத் தவறவில்லை.' வழி தவறலியா? நீயா?"

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். சான்றிதழ் கையில் வந்திருக்கும், நாத்தனாரின் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் இருந்தவள் யாரோ ஒருத்தி. அவள் பேரில் ஊரெல்லாம் நடக்க முடியுமா?

"அது நான் இல்ல மேடம்" என்றாள்.

கதை முழுவதையும் கேட்ட மேடம், முதலில் கோபப்பட்டார். "இடது வாசல்னு தெளிவாச் சொன்னேன்ல?"

"யாரோட இடது மேடம்? பயணி கண்ணுல இருந்து பேசுன்னு நீங்கதானே சொன்னீங்க. ரயில்ல இருந்து எறங்கி வர்றவங்களுக்கு எது இடது?"

மேடம் வலது கையைத் தூக்கினார், பிறகு இடது கையை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மறுபடி தூக்கிப் பார்த்தார். திக்கு சேர்ந்த நாளிலிருந்து அவர் முழித்துப் பார்த்தது அதுவே முதல்முறை.

"இந்த பாஸ் செல்லாது" என்றார் கடைசியில். "அடுத்த வாரம் மறுபடி தேர்வுக்கு வா. கட்டணம் வேண்டாம். பழைய தபாலாபீஸ் வாசல். அதுக்கு ஒரே வாசல்தான்." கொஞ்சம் யோசித்து, "ஏம்மா, அந்த புரோக்கர் ஆபீஸ் பொண்ணு வேல மாறுவாளான்னு கேட்டுப் பாக்க முடியுமா?" என்றார்.

அடுத்த வாரம் நின்ற நால்வரிடமும் திக்கு தனித்தனியாகக் கேட்டாள்: "நீங்க வீடு எதுவும் பாக்க வரலியே?" ஒரு மார்க் அதற்கே குறைந்தது. ஒரு திருப்பத்தில் வழி தெரியாமல் போக, கூச்சப்படாமல் ஒரு கடைக்காரரைக் கேட்டாள். அதற்கு இரண்டு மார்க் குறைந்தது. தேறினாள், விளிம்பில். கழுத்தில் அட்டையோடு வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நெசமாவே உன் போட்டோதான்" என்றாள். அன்று சாயங்காலம் முழுக்கத் தன் சிநேகிதிகளுக்கெல்லாம் போன் போட்டு, "எங்க அண்ணி கைடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

திக்குவுக்கும் ஒரு போன் வந்தது. தெரியாத எண்.

"நான்தாம்மா, குடைக்காரன். உங்க பள்ளிக்கூடத்துல கேட்டு நம்பர் வாங்கினேன்" என்றது குரல். "வீட்ட விக்கல. தங்கச்சி வச்சிக்கிறேன்னுட்டா. அத விடு. ஒரு விஷயம். அந்த உப்பு வியாபாரி எந்த ஊருக்காரர்?"

"ஐயா, அதுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

திக்கு யோசித்தாள். கதை சாருக்கு யார் சொன்னார்கள்? அவருக்குச் சொன்னவருக்கு யார்? மறுநாள் கருவூலத்துக்கு முன்னால் போய் நின்று என்ன சொல்லப் போகிறோம் என்றே இப்போது தெரியவில்லை.

"எனக்கு... தெரியலீங்க" என்றாள்.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் பெரியவர் உற்சாகமாக. "வக்கீல் ஒருத்தரப் பாத்துட்டுக் கூப்பிடுறேன்." வைத்துவிட்டார்.

"யாரு?" என்றான் கணவன்.

அவள் போனைக் கீழே வைத்தாள். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். "இரு, முதல்ல இருந்து சொல்றேன்."